சுங்கை ரம்பாய் படம் வரவில்லை

கையைத் தூக்குவதற்கு முன்னால் சேகரன் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் சங்கக் கூட்டத்தில், "நம்ம நிலையத்தை டிஜிட்டலுக்கு மாத்தணும்னு சொல்றவங்க கை தூக்கலாம்" என்று தலைவர் சொல்லி வாயை மூடுவதற்குள் முதலில் மேலே போன கை சேகரனுடையது. சங்கத்தில் அவருக்குத் தொழில்நுட்ப அதிகாரி என்று ஒரு பதவி இருந்தது. அந்தப் பதவிக்கு அவர் ஒருவரே நின்று, அவர் ஒருவரே ஜெயித்து, சட்டைப் பைக்கு மேலே பதவியின் பெயரை நூலால் தைத்தும் போட்டுக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவர் இரண்டாவதாகக் கை தூக்குவாரா?

மலேசியாவின் மலாக்காவில், புக்கிட் ரம்பாய் வீட்டுக்கு வந்து அந்தச் சட்டையைக் கழற்றும்போதுதான் அவருக்கு உறைத்தது. பாதிச் சட்டை தலையில் மாட்டியிருக்க, அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க, மாட்டிக்கிச்சா?" என்றாள் அன்னம்மா.

"ஆமா. மாட்டிக்கிட்டேன்" என்றார் சேகரன் சட்டைக்குள்ளிருந்து.

நிலையம் என்றதும் பெரிய டிவி கம்பெனி என்று நினைத்துவிட வேண்டாம். ரேடியோ லைசென்ஸ் வாங்கிய பத்துப் பேர், பொழுதுபோகாமல், தங்கள் வீட்டுக் கேமராவிலிருந்து தங்கள் முகத்தைத் தாங்களே ஒளிபரப்பிக்கொள்ளும் ஏற்பாடு அது. வீட்டு ஏரியலில் இருந்து கிளம்பும் படம் ரொம்ப தூரம் போகாது. அதனால் மெர்லிமாவ் பக்கம் ஒரு பழைய தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் ஒரு பெட்டியை வைத்திருந்தார்கள். வருகிற படத்தை அது வாங்கி, பலம் கூட்டி, எல்லா வீட்டுக்கும் திருப்பி அனுப்பும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பத்துப் பேரும் அவரவர் நாற்காலியில் தலை சீவி உட்காருவார்கள். ஒருவர் முகம் காட்டுவார், மற்றவர்கள் கையில் இருக்கும் ரேடியோவில் மதிப்பெண் சொல்வார்கள். ஐந்து என்றால் கண்ணாடி மாதிரி வருகிறது, சைபர் என்றால் ஒன்றுமே வரவில்லை. வேறு என்ன பேசுவார்கள் என்று கேட்டால், வேறு ஒன்றும் பேசமாட்டார்கள். படம் எப்படி வருகிறது என்று பேசுவதற்காகத்தான் படமே அனுப்பினார்கள்.

பத்தில் ஒன்பது பேருக்கு எப்போதும் நாலு, ஐந்து. பத்தாமவர் சுங்கை ரம்பாய் நாகமுத்து. அவருக்கு எப்போதும் இரண்டு. ஜொகூர் எல்லையை ஒட்டிய ஊர், நடுவில் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைக் காடு. திரையில் அவர் முகத்தின்மேல் புள்ளிபுள்ளியாக எறும்பு மொய்த்துக்கொண்டேயிருக்கும். மூக்கு இருக்கும் இடத்தை வைத்துக் கண் எங்கே என்று யூகித்துக்கொள்ள வேண்டும்.

அந்த எறும்புக் கூட்டத்துக்குள் இருந்த நாகமுத்து, அன்னம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். சேகரனுக்கு மச்சான். இரண்டு பேரும் ஒரே வருஷம் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர்கள். ஆறு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

காரணம் சேகரனின் கெட்டிக்காரத்தனம். மகள் தாரணியின் கல்யாணப் பத்திரிகையை அவரே கம்ப்யூட்டரில் வடிவமைத்தார். தொட்டால் நாதஸ்வரம் வாசிக்கும் பத்திரிகை. செய்து முடித்த பெருமையில், கைப்பேசியில் இருந்த முந்நூறு பேருக்கும் ஒரே தட்டில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அதில் தாய்மாமனும் இருந்தார். தாய்மாமன் வீட்டுக்குப் பத்திரிகை வைப்பதென்றால் எப்படி என்று மலாக்காவில் பிறந்த தமிழ்க் குழந்தைக்கும் தெரியும். புருஷனும் பெண்டாட்டியுமாக, வெற்றிலை பாக்கு பழத்தட்டோடு, முதல் பத்திரிகையை அங்கேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும். அன்னம்மா தட்டுக்குப் பழம் வாங்கப் புறப்பட்டபோது சேகரன் தடுத்தார்.

"நேத்தே போயிருச்சு அன்னம்மா. இங்க பாரு, நீலக் குறி விழுந்துருச்சு. மச்சான் படிச்சிட்டாரு."

மெஷின் மொழியில் யோசித்தே பழகிய மனுஷன். செய்தி போய்ச் சேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நம்பினார். அன்றைக்குச் சாயங்காலம் நாகமுத்து ஒரே ஒரு போன் போட்டார். "மீன்காரனுக்கும் எனக்கும் ஒரே பட்டன்லயா மாப்பிள்ள?" என்று கேட்டு வைத்துவிட்டார். கல்யாணத்துக்கு வரவில்லை. மணமேடையில் மாமன் நிற்க வேண்டிய இடத்தில் யாரோ தூரத்து உறவுக்காரரைப் பிடித்து நிறுத்தினார்கள். அது அன்னம்மாவுக்கு ஆறாத கோபம். என் மகள் கல்யாணத்துக்கு வராத அண்ணன் முதலில் பேசட்டும் என்று அவள் இருந்தாள். வீட்டுக்கு வந்து கூப்பிடாத தங்கச்சி முதலில் பேசட்டும் என்று அவர் இருந்தார்.

ஆனால் ரேடியோக்காரர்களுக்கு ஒரு மரியாதை உண்டு. அலையில் ஒருவர் கூப்பிட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதனால் வீட்டில் முறிந்த உறவு ஞாயிறு காலை பத்து மணிக்கு மட்டும் செய்தி வாசிப்பவர்களின் தமிழில் நடந்துகொண்டிருந்தது. ஆங்கில எழுத்துகளுக்கு ரேடியோக்காரர்கள் வைத்திருக்கும் பெயர்ப்படி, சேகரனின் பெயர் அங்கே சியரா கிலோ. நாகமுத்துவின் பெயர் நவம்பர் மைக்.

"நவம்பர் மைக், வணக்கம். தங்கள் படத்துக்கு மதிப்பெண் இரண்டு. ஓவர்."

"சியரா கிலோ, நன்றி. தங்கள் படத்துக்கு ஐந்து. ஓவர்."

அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்காக அன்னம்மா காலையிலேயே குளித்து, நல்ல சேலை கட்டி, சேகரனுக்குப் பின்னால் கேமராவில் தெரிகிற மாதிரி நாற்காலி போட்டு உட்காருவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். எறும்புக்குள் அண்ணனைத் தேடுவாள். படம் அணைந்ததும் எழுந்து சமைக்கப் போய்விடுவாள். ஆறு வருஷத்தில் ஒரு ஞாயிறுகூட அவள் தவறவிடவில்லை. சேகரனுக்கு அது தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தார், ஏனென்றால் குற்றம் யாருடையது என்பதும் அவருக்குத் தெரியும்.

இப்போது சட்டைக்குள் அவருக்கு உறைத்தது இதுதான். பழைய முறையில், பலமில்லாத படம் எறும்போடாவது வந்து சேரும். டிஜிட்டலில் அந்தத் தயவுதாட்சண்யமே கிடையாது. வந்தால் முழுசாக வரும், இல்லையென்றால் சுத்தமாக வராது. இரண்டு மார்க் வாங்கும் மச்சான் இனிமேல் சைபர்.

"புது மெஷின் மாட்டுனா அண்ணன் படம் வரும்ல?" என்று அன்னம்மா கேட்டாள்.

"வருமாவா? பளிச்சுனு வரும்!" என்றார் தொழில்நுட்ப அதிகாரி. சட்டை அப்போதுதான் தலையை விட்டு வந்தது.

*

மறுவாரம் சனிக்கிழமை, சேகரனும் சங்கத் தலைவர் யுவனேஸ்வரனும் தண்ணீர்த் தொட்டியில் ஏறினார்கள். யுவனேஸ்வரன் குருபோங் தொழிற்சாலையில் இன்ஜினியர், முப்பத்தைந்து வயது, எதையும் அளந்துதான் பேசுவார். சேகரன் விஞ்ஞானத்தில் நம்பிக்கை உள்ளவர். ஆனாலும் புதுப் பெட்டியின் காலடியில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தார். ஆடாமல் இருப்பதற்கு என்று விளக்கமும் சொன்னார். கற்பூரம் அந்தக் காற்றில் பற்றவில்லை. பதினாலு தீக்குச்சி கிழித்தபின், "மனசுல நெனச்சுக்குங்க அங்கிள், போதும்லா" என்று யுவனேஸ்வரன் திருகாணியைக் கையில் எடுத்தார்.

"யுவா, சுங்கை ரம்பாய் ஸ்டேஷன் இதுல வருமா?"

"கஷ்டம்தான் அங்கிள். அவரு சிக்னல் ரொம்ப வீக்."

"அப்ப பழசையும் பக்கத்துலயே வச்சிக்கலாமே?"

"ஒருத்தருக்காக ஒம்போது பேரும் எறும்பு பாத்துக்கிட்டு இருக்கணுமா? முதல்ல கை தூக்குனதே நீங்கதானே!"

பழைய பெட்டியைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கும்போது, ஏதோ வேண்டியவர் ஒருவரை வழியனுப்புகிற மாதிரி சேகரன் அது தரையைத் தொடும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

ஞாயிறு பத்து மணி. அன்னம்மா பச்சைப் பட்டு கட்டியிருந்தாள். திரையில் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் பளிங்கு மாதிரி. யுவனேஸ்வரன் காதுக்குள் சோப்பு நுரை ஒட்டியிருந்ததுகூடத் தெரிந்தது. ஒன்பது முகமும் போனபின் நாகமுத்துவின் முறை. திரையில் நிலையத்தின் வண்ணப் பட்டைகள் மட்டும் நின்றன. எறும்புகூட இல்லை.

"இது நவம்பர் மைக். என் படத்துக்கு எத்தனை மதிப்பெண்? ஓவர்" என்று குரல் மட்டும் ரேடியோவில் வந்தது.

வயதில் மூத்தவருக்குச் சைபர் என்று யார் சொல்வது? கடைசியில் சேகரன்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நவம்பர் மைக், தங்கள் படம்... பரிசீலனையில் இருக்கிறது. ஓவர்."

"என் கருவியில் ஒரு குறையும் இல்லை. கோளாறு தங்கள் நிலையத்தில். ஓவர்."

சேகரன் மெல்லத் திரும்பிப் பார்த்தார். அன்னம்மா வண்ணப் பட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பளிச்சுனு வரும்னு சொன்னீங்க" என்றாள். கத்தவில்லை. எழுந்து, நாற்காலியை மடக்கிச் சுவரோரம் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போனாள். சிறிது நேரத்தில் அங்கே குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. குழாய்ச் சத்தத்துக்குள் அழுகிற சத்தமும் கேட்டது. அவள் நாலு பாத்திரத்தை விட்டெறிந்திருந்தால் சேகரன் சமாளித்திருப்பார். இதை அவரால் தாங்க முடியவில்லை.

யுவனேஸ்வரனைக் கூப்பிட்டார். அவர் வழக்கம்போல அளந்து சொன்னார். "சிம்பிள் அங்கிள். நடுவுல மறுநடவு செஞ்ச செம்பனை வளந்துருச்சு, மறைக்குது. அவரு கம்பத்தப் பத்தடி தூக்கிட்டு, ஏரியல நேரா தொட்டிக்குத் திருப்பணும். ஆனா ரெண்டு ஆள் வேணும். அவருக்கு முட்டி வலி வேற."

"அப்ப நீ போயிட்டு வாயேன்."

"டெக்னிக்கல் ஆபீசர் யாரு அங்கிள்?"

சேகரன் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். நூலால் தைத்தது, சட்டென்று பிரிக்கவும் முடியாது.

*

உறவுக்காரராகப் போக அவருக்கு முகம் இல்லை. அதனால் அதிகாரியாகப் போவதென்று முடிவானது. யுவனேஸ்வரன் அலையில் முறைப்படி அறிவித்தார். நாகமுத்து முறைப்படி பதில் சொன்னார்: "அதிகாரி வரலாம். அதிகாரிக்கு மட்டும்தான் அனுமதி. ஓவர்."

அன்னம்மாவிடம் சேகரன், "நீயும் வர்றியா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"நீங்க டியூட்டிக்குப் போறீங்க. எனக்கு அங்க என்ன டியூட்டி?" என்றாள் அவள். "அதுவும் அவரு கூப்பிடாம நான் எதுக்குப் போகணும்? நான் இங்க உக்காந்து படம் வருதான்னு சொல்றேன்."

அடுத்த ஞாயிறு காலை, இஸ்திரி போட்ட சங்கச் சட்டையோடு சேகரன் சுங்கை ரம்பாயில் மச்சான் வீட்டு கேட்டுக்கு முன்னால் நின்றார். கேட்டுக்கு உள்ளே, மூன்று அடி தூரத்தில், நாகமுத்து நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் செம்பனை மரங்களைப் பார்த்தார்கள். சேகரன் இடுப்பிலிருந்த ரேடியோவை எடுத்து வாயருகே வைத்தார்.

"நவம்பர் மைக், இது சியரா கிலோ. நான் தங்கள் கேட்டுக்கு வெளியே இருக்கிறேன். ஓவர்."

நாகமுத்துவும் தன் ரேடியோவை எடுத்தார். "சியரா கிலோ, தெரிகிறது. நான் கேட்டுக்கு உள்ளே இருக்கிறேன். திறக்கலாமா? ஓவர்."

"திறக்கலாம். ஓவர்."

வாசலில் நின்ற பெத்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். நாகமுத்துவின் மனைவி. "ஐயையே, ரெண்டு பேருக்கும் மூளை கொழம்பிப் போச்சா? மூணடி தூரத்துல நின்னுக்கிட்டு நவம்பராம் டிசம்பராம்! வாங்க தம்பி, தே தண்ணி கலக்கவா?"

"டியூட்டில இருக்கேன் அக்கா" என்றார் சேகரன்.

"டியூட்டில இருக்குற போலீஸ்காரங்களே குடிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்த் தேநீர் கலக்கினாள். சேகரன் அதைத் தொடவில்லை. மிகவும் தாகமாக இருந்தது.

கம்பம் கார் நிறுத்தும் கொட்டகையின் கான்கிரீட் மேல்தளத்தில் இருந்தது. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். உள்ளே இருப்பதை மேலே இழுத்து, ஏரியலைத் திருப்பி, நட்டுகளை இறுக்கினால் வேலை முடிந்தது. நாகமுத்து பேட்டரி தீருமென்று தன் ரேடியோவை அணைத்து ஏணியடியில் வைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். முன்னறையில் கேமராவைப் போட்டுவிட்டே வந்திருந்தார். சேகரன் ரேடியோவை இடுப்பில் செருகிக்கொண்டு, அன்னம்மாவுக்குக் கைப்பேசியில் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஏறினார்.

குழாய் மேலே ஏறியதும் அது எவ்வளவு கனம் என்பது தெரிந்தது. காற்று வேறு கடலிலிருந்து வீசியது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகக் கம்பத்தைக் கட்டிப்பிடிக்க வேண்டியதாகிவிட்டது. ஆறு வருஷம் நேரில் முகம் பார்க்காத இரண்டு மூக்குகளுக்கும் நடுவே ஒரு குழாயின் பருமன்தான் இடைவெளி. சேகரன் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒண்ணும் வரல" என்றது அவர் சட்டைப் பை. "வலது பக்கம் திருப்புங்க."

கம்பம் இடது பக்கம் திரும்பியது.

"பக்கத்துல இருக்குறவருகிட்ட சொல்லுங்க, வலதுன்னா சோத்துக் கைப் பக்கம்னு."

"எனக்கு எதிர்ல நிக்கிறவருக்குத்தான் சோத்துக் கை எதுன்னு தெரியலன்னு அங்க சொல்லுங்க" என்றார் நாகமுத்து, சட்டைப் பையைப் பார்த்து.

ஆறு வருஷம் கழித்துத் தங்கச்சியின் குரலை அவர் அவ்வளவு பக்கத்தில் கேட்டிருந்தார். அவர் குரலை அவளும்.

"இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்..." என்றாள் அன்னம்மா. "சிக்னல் பட்டை ஏறுது... ஏறுது... ஆ! வந்துருச்சு! நில்லுங்க, நில்லுங்க, அசையாதீங்க!"

இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கம்பத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள்.

"எப்படி வருது? எத்தனை மார்க்?" என்றார் சேகரன்.

சேகரன் மோவாயால் சட்டைப் பையைத் தட்டினார்.

"அன்னம்மா? படம் போயிருச்சா?"

"போகல" என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது. "நாற்காலி தெரியுது. நாற்காலிக்குப் பின்னால செவுத்துல... நம்ம தாரணிங்க. கல்யாணக் கோலத்துல. பெருசா கண்ணாடி போட்டு மாட்டியிருக்கு."

சேகரன் கண்ணைத் திறந்தார். நாகமுத்து உடனே தன் கண்ணை மூடிக்கொண்டார்.

"நாம குடுக்கலையே?" என்றார் சேகரன்.

"பேஸ்புக்லருந்து எடுத்திருக்காங்க. கீழே லைக் எல்லாம் அப்படியே இருக்கு. எண்பத்தேழு லைக். நான் இருக்கேன், மாப்பிள்ள இருக்காரு, சம்பந்தி இருக்காங்க. நீங்க மட்டும் இல்ல. உங்களை வெட்டிட்டாங்க. தாரணி தோள் மேல உங்க கை மட்டும் இருக்கு."

ஆறு வருஷமும் அது அந்தச் சுவரில்தான் தொங்கியிருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அது அன்னம்மாவின் கண்ணுக்கு நேரே வந்தது. அதன்மேலும் எறும்பு மொய்த்திருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

"அது... பெத்தம்மா மாட்டுனது" என்றார் நாகமுத்து, மூடிய கண்ணைத் திறக்காமல்.

"பொய்!" என்று கீழேயிருந்து பெத்தம்மாள் கத்தினாள். "ஜாசின் கடைக்கு நாலு தடவை நடந்து கண்ணாடி போட்டுட்டு வந்தது யாரு? தினம் ரெண்டு வேளை தொடைக்கிறது யாரு? கத்தரிக்கோல எடுத்துட்டு ராத்திரி பூரா தம்பி தலைய வெட்டுனது யாரு?"

கைப்பேசியில் டொக்கென்று ஒரு சத்தம். அன்னம்மா வைத்துவிட்டாள்.

தன்னை வெட்டியதில் சேகரனுக்குக் கோபமே வரவில்லை. வெட்டவேண்டிய ஆள்தான். ஆனால் இந்த மனுஷன் கூப்பிடாத கல்யாணத்தைக் கண்ணாடிக்குள் போட்டுத் தினமும் துடைத்துக்கொண்டிருந்தார் என்பது நெஞ்சில் வந்து இடித்தது. ரேடியோவை எடுக்கக் கை தானாக நகர்ந்தது. கையை விட்டால் கம்பம் திரும்பிவிடும். வேறு வழியில்லாமல் வாயாலேயே பேசினார்.

"மச்சான்."

நாகமுத்து கண்ணைத் திறக்கவில்லை.

"நான் செஞ்சது தப்பு மச்சான். நேர்ல வந்து, தட்டு வச்சுக் கூப்பிட்டிருக்கணும். உங்களுக்கு அப்படி அனுப்புனது பெரிய தப்பு. மன்னிச்சுக்குங்க."

"காத்து அடிக்குது" என்றார் நாகமுத்து. "சரியா காதுல விழல."

சேகரன் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

"கடைசி வரி விழல."

இரண்டு மூக்கும் ஏறக்குறைய தொட்டுக்கொண்டிருந்தன. சேகரன் மூச்சை இழுத்து, செம்பனைக் காட்டுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். "மன்னிச்சுக்குங்க மச்சான்! மீன்காரனும் நீங்களும் ஒண்ணுன்னு நெனச்சது என் புத்தி கெட்டத்தனம்! என் மக மணவறையில உங்க எடத்துல எவனையோ நிறுத்தி வச்சேன். அன்னிக்கிலருந்து அன்னம்மா என்கிட்ட முழுசா சிரிக்கவே இல்ல!"

இந்தத் தடவை நாகமுத்துவுக்கு எல்லாமே காதில் விழுந்தது. கடைசி வரியைச் சேகரன் தானே சேர்த்துக்கொண்டார், யாரும் சொல்லச் சொல்லவில்லை. நாகமுத்துவின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் கம்பத்தில் வழிந்தது. துடைக்க அவருக்கும் கை இல்லை.

"ஸ்பேனரை எடுங்க மாப்பிள்ள" என்றார். "நான் பிடிச்சுக்கிறேன்."

சேகரன் கம்பத்தை விட்டு ஓர் அடி பின்னால் வந்தார். அந்த நிமிடமே அவருடைய இடுப்பிலிருந்த ரேடியோ உயிர் பெற்றது. யுவனேஸ்வரனின் குரல், வழக்கத்தைவிட மெதுவாக, ரொம்ப மரியாதையாக வந்தது.

"சியரா கிலோ, இது குருபோங். உங்க ரேடியோ பட்டன் இவ்வளவு நேரம் கம்பத்துல அமுங்கியிருந்துச்சு அங்கிள். நாங்க எல்லாரும் கேட்டோம். மூணு தடவையும். ஓவர்."

சேகரனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் நாகமுத்துவின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது.

"எல்லாருமா? குடுங்க அத" என்று ஒரு கையால் கம்பத்தைக் கட்டிக்கொண்டு மறு கையை நீட்டி ரேடியோவை வாங்கினார். "குருபோங், இது நவம்பர் மைக். மொத்தம் எத்தனை பேர் கேட்டீர்கள்? ஓவர்."

"எட்டுப் பேரும் ஐயா. மூவார்லருந்து ரெண்டு பேர் சும்மா கேட்டுட்டு இருந்தாங்க, அவங்களும். ஓவர்."

"பத்துப் பேர்" என்றார் நாகமுத்து. மனுஷன் ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி இருந்தார். "நல்லது. மிக்க நன்றி. ஓவர்."

சேகரன் துருவோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டி ஒரு நட்டை இறுக்கினார். இன்னொன்று பாக்கி. அதை இறுக்குவதற்கு முன் படம் சரியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அன்னம்மாவைக் கூப்பிட்டார். மணி வெகுநேரம் அடித்தபின் எடுத்தாள். பின்னால் லாரி ஹாரன் கேட்டது.

"அன்னம்மா, படம் நிக்குதான்னு பாத்துச் சொல்லு. கடைசி நட்டு."

"நான் எப்படிப் பாக்குறது? பக்கத்து வீட்டு தேவிஸ்ரீ கார்ல வந்துக்கிட்டு இருக்கேன். ஆயர் குரோ தாண்டிட்டோம்."

"எங்க வர்ற?"

"இது என்ன கேள்வி? அண்ணன் வீட்டுக்கு."

"அவரு கூப்பிடாம போகமாட்டேன்னு சொன்னியே! அவரு இன்னும் கூப்பிடலையே!"

"கூப்பிட்டா என்ன, கூப்பிடலன்னா என்ன. எம்பொண்ணு அங்க செவுத்துல இருக்கா."

"அப்ப படத்த யாரு பாக்குறது?" என்றார் தொழில்நுட்ப அதிகாரி.

"படத்தத்தான் ஆறு வருஷமா பாத்துட்டேனே!" என்று சொல்லி அன்னம்மா போனை வைத்தாள்.

நாகமுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கம்பத்தை விட்டுவிட்டு ஏணியை நோக்கி நடந்தார். முட்டி வலி இருப்பதையே மறந்துவிட்டார் போலிருந்தது, இரண்டு இரண்டு படியாக இறங்கினார்.

"பெத்தம்மா! தங்கச்சி வருது! மீனு இருக்கா? நண்டு இருக்கா? எஞ்சட்டை எங்க? இந்தச் சட்டையோட எப்படி நிக்கிறது?"

"மச்சான், கம்பம்! கம்பம் திரும்புது மச்சான்!" என்று சேகரன் மேலேயிருந்து கத்தினார்.

யாரும் காதில் வாங்கவில்லை. கீழே சட்டி பானை உருளும் சத்தம் கேட்டது. பெத்தம்மாள் வாசலைக் கூட்ட ஆரம்பித்துவிட்டாள். சேகரன் தனியாகக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஸ்பேனரை எட்டவும் முடியாமல், விடவும் முடியாமல் கொஞ்ச நேரம் நின்றார். முப்பது வருஷத்தில் ஒரு நட்டைக்கூடப் பாதியில் விட்டுப் போகாதவர். பிறகு அவரும் கையை எடுத்துவிட்டு, நாகமுத்து இறங்கின அதே வேகத்தில் ஏணியில் இறங்கினார்.

கடற்காற்று ஏரியலை மெல்லத் திருப்பியது. புக்கிட் ரம்பாயில், பூட்டிய வீட்டின் ஹாலில், தாரணியின் கல்யாணப் படம் கட்டம் கட்டமாக உடைந்து, ஒரு நிமிடம் உறைந்து நின்று, போய்விட்டது. பார்க்க அங்கே யாரும் இல்லை.